அளக்காத மரத்துக்கு விலை பேசாதீர்கள்

"நானா, மரத்தை வெட்டாமலே விற்கலாமாமே, காபன் வியாபாரம் என்று ஒன்று வந்திருக்கின்றதாமே, உண்மைதானா?" பதுளை பஸாரில் மரமும் ஹார்ட்வெயார் சாமானும் விற்கின்ற என்னிடம் இப்போது அடிக்கடி கேட்கப்படுகின்ற கேள்வி இது. கேட்பவர்களில் பசறையில் நான்கைந்து ஏக்கர் மிளகுத் தோட்டம் வைத்திருப்பவர் இருக்கின்றார். ஹாலி-எலவில் விறகு லொறி ஓட்டுபவர் இருக்கின்றார். வெளிநாட்டில் உழைத்த பணத்தில் வெலிமடைப் பக்கம் காணி வாங்கிப் போட்டவரும் இருக்கின்றார்.

உண்மைதான் என்பதே எனது பதில். அப்படி ஒரு சந்தை உலகத்தில் இருக்கின்றது. ஆனால் அந்தச் சந்தையில் கை மாறுகின்ற சரக்கைக் கண்ணால் பார்க்க முடியாது. தூக்கிப் பார்க்க முடியாது. களஞ்சியத்தில் அடுக்கி வைக்கவும் முடியாது. காகிதத்தில் எழுதிய ஓர் எண்ணிக்கைதான் அங்கே சரக்கு. ஆகவே அளவு பிழைத்தால் வியாபாரமே பிழைத்துவிடும். அளந்தவர் யார், எதை அளந்தார், அளந்த மரம் யாருடையது என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் கிடைக்கும் வரை ஊவாவில் எவரும் இதில் ஒரு சதமும் போடக்கூடாது, ஒரு கையெழுத்தும் வைக்கக்கூடாது என்பதே எனது கருத்து.

சரக்கு என்ன?

மரம் வளரும்போது காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை உறிஞ்சி, அதிலுள்ள காபனைத் தண்டாகவும் கிளையாகவும் வேராகவும் சேமித்து வைக்கின்றது. எங்கோ ஒரு நாட்டில் புகை விடுகின்ற கம்பனி, தன்னால் குறைக்க முடியாத புகைக்கு ஈடாக, வேறோர் இடத்து மரம் உறிஞ்சிய அளவை விலைக்கு வாங்குகின்றது. ஒரு தொன் காபனீரொட்சைட்டுக்கு ஒரு சான்றிதழ். அதற்குப் பெயர் காபன் கிரெடிட்.

எமது கடைப் பாஷையில் கிரெடிட் என்றால் கடன். பெயர் பொருத்தமாகவே இருக்கின்றது. மரம் நிற்கும் வரைதான் இந்தக் கணக்கு நேர். மரம் எரிந்தால், வெட்டி விறகாக்கினால், விற்ற சரக்கு திரும்பவும் காற்றோடு போய்விடும். வாங்கியவருக்கு விற்றவர் கடன்காரராகி விடுவார்.

இந்த வியாபாரத்துக்கு வழி திறந்தது 1997ஆம் ஆண்டு கியோட்டோ உடன்படிக்கை. நிற்கின்ற காடுகளை அழியாமல் காப்பதற்கும் பணம் கொடுக்கலாம் என்ற பேச்சு 2007ல் பாலி மாநாட்டில் வலுப்பெற்றது. 2015ல் பாரிஸ் உடன்படிக்கை வந்தது. நாடுகளுக்கிடையே காபன் விற்பதற்கான விதிகள் 2024ல் பாகு மாநாட்டில்தான் முழுமையாக முடிவு செய்யப்பட்டன. ஆக, இது இன்னும் இளம் சந்தை. இளம் சந்தையில் நேர்மையான வியாபாரியும் இருப்பார், கமிஷனுக்கு வந்தவரும் இருப்பார்.

அளவு எப்படி?

மரம் வாங்கி விற்பவர்களுக்கு இந்தப் பகுதி நன்றாக விளங்கும். மரக்குற்றி ஒன்றின் சுற்றளவை நான்கால் பிரித்து, வந்ததை அதனாலேயே பெருக்கி, பிறகு நீளத்தால் பெருக்கிக் கன அடி எடுக்கின்றோம். பிரித்தானியர் காலத்திலிருந்து வருகின்ற இந்தக் கால் சுற்றளவுக் கணக்கில், உண்மையான கன அளவிலும் பார்க்க 21 வீதத்துக்கு மேல் குறைவாகவே வரும். பட்டைக்கும் அறுவைக் கழிவுக்கும் விட்டுக்கொடுத்த அளவு அது. இரண்டு பக்கமும் அதை அறிந்திருப்பதால் பிரச்சினை இல்லை. ஒருவர் இந்தக் கணக்கிலும் மற்றவர் வட்டக் கணக்கிலும் பேசினால், ஒரே குற்றிக்கு இரண்டு விலை வந்து நிற்கும். விறகிலும் அப்படித்தான். வெட்டிய கையோடு ஏற்றிய டர்பன்டைன் விறகின் நிறையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். காய்ந்த விறகின் விலையை ஈர விறகுக்குக் கொடுத்தால் தண்ணீருக்குக் காசு கொடுத்ததாகவே முடியும்.

காபன் அளப்பவர்கள் செய்வதும் இதே வேலைதான், கொஞ்சம் நீட்டி. காட்டில் ஆங்காங்கே மாதிரித் துண்டுகளை அடையாளமிட்டு, அதற்குள் நிற்கின்ற ஒவ்வொரு மரத்தையும் தரையிலிருந்து 1.3 மீற்றர் உயரத்தில், அதாவது நெஞ்சுயரத்தில், நாடா பிடித்து அளக்கின்றார்கள். மரத்தின் இனத்தையும் உயரத்தையும் குறித்துக் கொள்கின்றார்கள். அந்த இனத்து மரங்களை முன்னர் வெட்டி, காய வைத்து, நிறுத்துப் பார்த்து எடுத்த சூத்திரம் ஒன்று இருக்கும். அதைக் கொண்டு காய்ந்த நிறையைக் கணிக்கின்றார்கள். மண்ணுக்குள் இருக்கின்ற வேருக்கு ஒரு பங்கு சேர்க்கின்றார்கள். காய்ந்த மரத்தில் ஏறக்குறைய 47 வீதம் காபன். காபனைக் காபனீரொட்சைட்டாக மாற்ற 3.67 ஆல் பெருக்க வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வேரோடு சேர்த்து 100 கிலோ காய்ந்த நிறையுள்ள ஒரு மரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 47 கிலோ காபன். 3.67 ஆல் பெருக்கினால் 172 கிலோ காபனீரொட்சைட்டு. ஆக, இப்படிப்பட்ட ஆறு மரம் சேர்ந்தால்தான் ஒரு தொன், ஒரு சான்றிதழ். தொன் ஒன்று 10 டொலர் என்றும், டொலர் 300 ரூபா என்றும் கணக்குக்காக வைத்தால், ஒரு மரத்துக்கு வருவது சுமார் 500 ரூபா. அதுவும் வருடா வருடம் வருகின்ற 500 அல்ல. அந்த மரம் அந்த நிறைக்கு வளர எடுத்த அத்தனை வருடத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு 500. அதிலிருந்துதான் அளப்பவர் கூலி, பரிசோதகர் கட்டணம், பதிவுக் கட்டணம், தரகர் கமிஷன் எல்லாம் போக வேண்டும்.

இதை ஏன் விரித்துச் சொல்கின்றேன் என்றால், "ஏக்கருக்கு இலட்சக்கணக்கில் வரும்" என்று யாராவது சொன்னால், நாடாவும் கல்குலேட்டரும் எடுத்து நீங்களே கணக்குப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகத்தான்.

இல்லாத சரக்கு

இதிலே இன்னொரு நுட்பமான விடயம் இருக்கின்றது. காட்டில் எத்தனை மரம் நிற்கின்றது என்பதற்கு மட்டும் பணம் தருவதில்லை. இந்தத் திட்டம் வராமல் இருந்திருந்தால் எத்தனை மரம் அழிந்திருக்கும் என்று ஓர் ஊகக் கணக்குப் போட்டு, அந்த வித்தியாசத்துக்கே பணம் தருகின்றார்கள். ஊகத்தைக் கூட்டிச் சொன்னால் சரக்கும் கூடும். ஆபத்து இருக்கின்ற இடம் இதுதான்.

2023 ஜனவரியில் பிரித்தானியாவின் கார்டியன் பத்திரிகையும் ஜேர்மனியின் டி சைற் பத்திரிகையும் வேறோர் ஊடக அமைப்புடன் சேர்ந்து ஒரு விசாரணையை வெளியிட்டன. உலகத்தில் மிக அதிகமான காபன் சான்றிதழ்களைப் பதிவு செய்கின்ற வெர்ரா நிறுவனத்தின் மழைக்காட்டுக் கிரெடிட்களில் 90 வீதத்துக்கும் மேற்பட்டவை உண்மையான குறைப்பைக் காட்டாதவை என்று அதில் கூறப்பட்டது. வெர்ரா அந்தக் கணக்கை மறுத்தது. அதே வருடம் ஒக்டோபரில் சிம்பாப்வேயின் கரீபா காட்டுத் திட்டத்திலிருந்து அதன் கிரெடிட்களை விற்று வந்த சுவிற்சர்லாந்துக் கம்பனி விலகிக்கொண்டது. இந்தச் செய்திகளுக்குப் பிறகு வாங்குபவர்கள் பின்வாங்கினார்கள், காட்டுக் கிரெடிட்களின் விலை சரிந்தது. நேர்மையாக மரம் நட்டவனுக்கும் அடி விழுந்தது. ஒரு கடைக்காரன் மிளகாய்த் தூளில் கலப்படம் செய்து பிடிபட்டால் அந்தத் தெருவிலுள்ள அத்தனை கடைக்காரர்களுக்கும் வியாபாரம் குறைகின்றதல்லவா, அது போல.

இதற்கு வெளிநாடு வரை போகத் தேவையில்லை. பல வருடங்களுக்கு முன்னர் இந்தப் பிரதேசத்துத் தோட்டமொன்றில், பெயர் வேண்டாம், நிற்கின்ற மரங்களை விற்பதாகக் கூறி எனக்கொரு பட்டியல் தந்தார்கள். மரத்துக்கு இலக்கம், சுற்றளவு எல்லாம் அழகாகத் தட்டெழுதப்பட்டிருந்தது. விலை பேச முன்னர் ஆளைக் கூட்டிக்கொண்டு போய் எண்ணினேன். பட்டியலில் இருந்ததில் ஐந்தில் ஒன்று நிலத்தில் இல்லை. சில மரங்கள் உள்ளே பொக்கு. வாங்காமல் திரும்பி வந்துவிட்டேன். நிற்கின்ற மரத்தின் பட்டியலிலேயே இப்படி என்றால், நிற்கின்ற மரத்துக்குள் இருக்கின்ற காபனின் பட்டியலை எவ்வளவு கவனமாகப் பார்க்க வேண்டும்?

மரம் யாருடையது?

ஊவாவில் இந்தக் கேள்விக்கு விடை சொல்வது இலேசான காரியம் அல்ல. 1840ஆம் ஆண்டு முடிக்குரிய காணிகள் பற்றிய கட்டளைச் சட்டம் வந்து, உறுதி காட்ட முடியாத காடும் சேனையும் பத்தனையும் அரசுக்குப் போயின. அங்கிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு விற்கப்பட்டன. மலைக்காடுகள் வெட்டப்பட்ட வேகத்தைப் பார்த்து, லண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் பணிப்பாளர் ஹூக்கர் 1873ல், ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட காடுகளை விற்க வேண்டாம் என்று ஆலோசனை கூறினார். ஹப்புத்தளைக்கும் நமுணுகுலைக்கும் மேலே இன்று எஞ்சியிருக்கின்ற காட்டுத் தொப்பிகளைப் பார்க்கும்போது அந்த ஆலோசனை எனக்கு நினைவுக்கு வரும். கோப்பி நோயில் அழிந்தது, தேயிலை வந்தது. 1907ல் வனக் கட்டளைச் சட்டம் வந்தது. 1972லும் 1975லும் காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுக்கு வந்தன. 1992ல் முகாமைத்துவம் கம்பனிகளிடம் போனது. பின்னர் 53 வருடக் குத்தகை எழுதப்பட்டது. அது 2045ல் முடிகின்றது.

இப்போது பாருங்கள். காணி அரசுடையது. குத்தகை கம்பனியுடையது. தேயிலைக்கு நிழலாக நிற்கின்ற சவுக்கு மரத்தையும் விறகுக்காக வைத்த டர்பன்டைன் மரத்தையும் நட்டது யார் என்பது தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபடும். அந்த மரத்துக்குப் பாத்தி வெட்டி, கன்று வைத்து, களை பிடுங்கியவர் லயத்தில் இருக்கின்ற தொழிலாளி. அவருக்கோ தான் குடியிருக்கின்ற இடத்துக்கே உறுதி இல்லை. 7 பேர்ச் காணிக்கே அந்த மக்கள் இன்னமும் காத்திருக்கின்றார்கள்.

மரக்காபன் ஒப்பந்தங்கள் பொதுவாக முப்பது, நாற்பது வருடத்துக்கு எழுதப்படுகின்றன. குத்தகையில் மிஞ்சியிருப்பதோ ஏறக்குறைய இருபது வருடம். அதற்குப் பிறகு மரம் நிற்கும் என்று இன்று யாரால் உறுதி கொடுக்க முடியும்? மூன்று வருடத்தில் குத்தகை முடியப்போகின்ற கடைக்குப் பத்து வருட வாடகை முற்பணம் வாங்குபவரை நாம் என்ன சொல்வோம்? ஆகவே தோட்டத்து மரத்தின் காபன் யாருக்குச் சொந்தம், 2045க்குப் பிறகு பொறுப்பு யாருடையது, லயத்து மக்களுக்கு என்ன பங்கு என்பதை அரசு சட்டமாக எழுத வேண்டும். எழுதாமல் விற்கத் தொடங்கினால் பத்து வருடம் கழித்து நீதிமன்றத்தில்தான் போய் நிற்கும்.

சொந்த உறுதிக் காணிக்காரருக்கு இந்தச் சிக்கல் குறைவு. ஆனால் அவருக்கு வேறு சிக்கல். ஐந்து ஏக்கருக்குத் தனியாகப் பரிசோதகரை அழைத்தால் செலவு வருமானத்தை விழுங்கிவிடும். பலர் சேர்ந்தால்தான் கட்டுப்படியாகும்.

லொறிதான் சாட்சி

காபன்காரர்கள் "கசிவு" என்று ஒன்றைச் சொல்கின்றார்கள். ஓர் இடத்தில் மரம் வெட்டுவதை நிறுத்தினால், அந்தத் தேவை இன்னோர் இடத்துக்குப் போய் அங்கே வெட்டப்படும். கணக்குப் புத்தகத்தில் இலாபம், காட்டில் நட்டம். இதைப் பெரிய படிப்புப் படித்தவர்கள் செய்மதிப் படத்தில் தேடுகின்றார்கள். எமக்குத் தெரியும், அது லொறியில் வருகின்றது.

தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்தை வாட்டவும் காய வைக்கவும் வெப்பம் வேண்டும். அந்த வெப்பம் பெரும்பாலும் விறகிலிருந்து வருகின்றது. ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ வரை விறகு எரிகின்றது. ஒரு தோட்டம் தனது டர்பன்டைன் காட்டைக் காபனுக்கு விற்றுவிட்டு, தனது உலைக்கு மொனராகலைப் பக்கத்திலிருந்தோ கிராமத்து வீட்டுத் தோட்டங்களிலிருந்தோ விறகு வாங்கினால், உலகம் எதை இலாபமாகப் பெற்றது? மரம் இடம் மாறி எரிந்தது, அவ்வளவுதான். 2021 இறுதியிலும் 2022லும் எரிவாயு கிடைக்காமல் பதுளை நகரத்து வீடுகளிலும் விறகு அடுப்பு மூட்டினோம். அந்த நாட்களில் விறகுக்கு இருந்த கிராக்கி எமக்கு மறக்கவில்லை. மரத்தின் தேவை காகிதத்தில் குறைவதில்லை. மாற்று எரிபொருளும் புதிய நடுகையும் வந்தால்தான் குறையும்.

ஆகவே விறகு, மர வியாபாரிகளின் கொள்முதல் புத்தகம் இந்த விடயத்தில் ஒரு முக்கியமான ஆவணம். எந்தக் காணியிலிருந்து, எந்த அனுமதிப்பத்திரத்தில், எத்தனை கன அளவு, எந்தத் தொழிற்சாலைக்குப் போனது என்று ஒழுங்காக எழுதி வைத்திருப்பவர், நாளைக்கு மதிக்கப்படுவார். மரம் வெட்டுதலைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1951லேயே வந்துவிட்டது. அனுமதிப்பத்திரத்தைச் சிலர் வீதிச் சோதனைக்கான துண்டாக மட்டும் நினைக்கின்றார்கள். இனி அது சரக்கின் பிறப்புச் சான்றிதழ்.

வெளிநாட்டுச் சந்தையும் இதைக் கேட்கத் தொடங்கிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2023ல் நிறைவேற்றிய காடழிப்பு ஒழுங்குவிதியில் மரம், றப்பர், கோப்பி ஆகியன அடங்குகின்றன. 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காடழித்த காணியிலிருந்து வந்த சரக்கு அங்கே நுழைய முடியாது என்பது அதன் சாரம். தேயிலை அந்தப் பட்டியலில் இல்லை. அமுலாக்கமும் இரண்டு தடவை ஒத்திவைக்கப்பட்டது. ஆனாலும் மொனராகலையில் றப்பர் வாங்குபவர்கள் இப்போதே காணியின் இருப்பிடத்தைக் குறித்து வைப்பது நல்லது.

மண்ணும் நெருப்பும்

காட்டின் பயனைக் காபனால் மட்டும் அளக்கின்ற பழக்கமும் எனக்கு உடன்பாடில்லை. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005லும் 2011லும் எச்சரித்திருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின் மழையில் பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களில் எத்தனை மலைகள் சரிந்தன, எத்தனை உயிர்கள் போயின என்பதை நாம் எல்லோரும் கண்டோம். பாதைகள் அடைபட்டு, கடைகளுக்குச் சரக்கு வராமல் நின்றது. சாய்வான நிலத்தில் வேர் பிடித்து நிற்கின்ற மரத்துக்கும் நீரோடும் வடிகானுக்கும் என்ன விலை என்று அப்போது தெரிந்தது. மரம் எல்லாச் சரிவையும் தடுக்காது. கடும் மழையில் காடும் சரியும். ஆனால் வெறும் மலையிலும் பார்க்க மரமுள்ள மலை தாங்கும்.

அடுத்தது நெருப்பு. ஆடி, ஆவணியில் ஊவாவின் காய்ந்த காற்று எமது தேயிலைக்கு உலகத்தில் பெயர் பெற்ற வாசனையைத் தருகின்றது. அதே காற்றுத்தான் எல்லை, பண்டாரவளை, ஹல்தும்முல்லைப் பக்கத்துப் பத்தனைகளிலும் பைனஸ் காடுகளிலும் நெருப்பைப் பரப்புகின்றது. பெரும்பாலும் மனிதர் வைக்கின்ற நெருப்பு. முப்பது வருடம் சேர்த்த காபன் ஒரு பின்னேரத்தில் போய்விடும். காபன் திட்டம் என்று வருபவர் நெருப்புக் காவலுக்கு எத்தனை பேர், யார் சம்பளம் கொடுப்பது, தீத்தடுப்புப் பாதை எங்கே என்று சொல்லவில்லை என்றால், அவர் கொண்டு வந்திருப்பது திட்டம் அல்ல, வெறும் விளம்பரத் துண்டு.

செய்து காட்டியவர்கள்

நல்ல உதாரணம் எமது காலடியிலேயே இருக்கின்றது. மீரகவத்தையில் பெலிபொல என்ற இடத்தில், 1980களின் தொடக்கத்தில், கலாநிதி ரணில் சேனாநாயக்க குழுவினர் சீரழிந்து கிடந்த நிலத்தைக் காடாக மாற்றத் தொடங்கினார்கள். இயற்கைக் காட்டைப் போல உயர்ந்த மரம், நடுத்தர மரம், செடி, கொடி என்று அடுக்கடுக்காக, வருமானமும் தரக்கூடிய இனங்களைச் சேர்த்து நடுகின்ற முறை அது. இந்த முறை இங்கிருந்து கொஸ்டா ரிக்கா, ஹொண்டுராஸ் போன்ற நாடுகள் வரை போயிருக்கின்றது. நிலத்துக்கடியிலிருந்து எடுத்து எரித்த காபனையும் உயிருள்ள மரத்துக் காபனையும் ஒரே தராசில் போட்டுச் சரிக்கட்டுவது தவறு என்று வாதிட்டு வந்தவரும் அவர்தான். எம்மில் எத்தனை பேர் பெலிபொலவைப் போய்ப் பார்த்திருக்கின்றோம்?

தெற்கே ஹினிதுமையில் சிங்கராஜ, கன்னெலிய காடுகளுக்கிடையே சிறு காணிக்காரர்கள் தமது நிலத்தில் மரம் நட்டு, பிளான் விவோ என்ற சர்வதேச முறையின் கீழ் காபன் பதிவு செய்த திட்டம் ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் டிஸ்ட் என்ற திட்டத்தில் சிறு விவசாயிகள் குழுக்களாகச் சேர்ந்து, நட்ட மரத்தைத் தாமே எண்ணி, சுற்றளவு பிடித்துப் பதிவு செய்து, அதற்குக் கொடுப்பனவு பெற்றிருக்கின்றார்கள். இரண்டிலும் உள்ள பாடம் ஒன்றுதான். சிறியவர்கள் சேர்ந்தார்கள். அளவு அவர்கள் கண் முன்னால் நடந்தது.

அரசும் சும்மா இருக்கவில்லை. 2013 முதல் 2017 வரை ஐக்கிய நாடுகள் சபையின் உதவியோடு வன பாதுகாப்புத் திணைக்களம் காட்டுக் காபன் திட்டத்துக்கான ஆயத்தங்களைச் செய்தது. தேசியத் திட்டம் எழுதப்பட்டது. நாட்டின் காட்டுக் காபன் அடிப்படைக் கணக்கு 2017ல் ஐ.நா.வுக்குச் சமர்ப்பிக்கப்பட்டது. 2030க்குள் நாட்டின் நிலப்பரப்பில் 32 வீதம் காடாக வேண்டும் என்பது அரசின் வாக்குறுதி. 2010ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அது 29.7 வீதமாக இருந்தது. கணக்கும் திட்டமும் கொழும்பில் இருக்கின்றன. பசறையிலும் லுணுகலையிலும் உள்ள காணிக்காரருக்கு அது தமிழிலும் சிங்களத்திலும் விளங்கக்கூடிய பாஷையில் வந்து சேரவில்லை. அந்த இடைவெளியில்தான் தரகர்கள் நுழைகின்றார்கள்.

நாம் என்ன செய்ய வேண்டும்?

முதலாவது, முற்பணம் கேட்பவரிடம் பேச்சை நிறுத்துங்கள். "பதிவுக்கு இவ்வளவு கட்டுங்கள், பிறகு டொலரில் வரும்" என்பது எந்த வியாபாரத்திலும் நல்ல அறிகுறி அல்ல.

இரண்டாவது, எந்தப் பதிவேட்டில் பதிவு, என்ன இலக்கம் என்று கேளுங்கள். உண்மையான திட்டத்தை இணையத்தில் எவரும் பார்க்கலாம். சுற்றாடல் அமைச்சின் கீழ் இலங்கை காலநிலை நிதியம் இருக்கின்றது. அங்கே விசாரிக்கலாம்.

மூன்றாவது, அளக்கும் நாளில் நீங்களும் நில்லுங்கள். நாடா எங்கே பிடிக்கப்படுகின்றது, எத்தனை மரம் எண்ணப்படுகின்றது என்று பாருங்கள். அளவுத் தாளின் பிரதி ஒன்று உங்கள் கையில் இருக்க வேண்டும்.

நான்காவது, ஒப்பந்தம் எத்தனை வருடம், அதற்குள் மரம் வெட்டலாமா, காணியைப் பிள்ளைகளுக்குப் பிரித்தால் என்ன, நெருப்பில் போனால் யார் பொறுப்பு என்பவற்றை எழுத்தில் வாங்கி, சட்டத்தரணியிடம் காட்டிய பிறகே கையெழுத்து வையுங்கள். வாரிசுகளுக்குப் போக வேண்டிய காணியை நாற்பது வருடத்துக்குக் கட்டிப் போடுகின்ற விடயம் இது. வீட்டில் எல்லோரிடமும் மசூரா செய்யாமல் முடிவெடுக்காதீர்கள்.

ஐந்தாவது, வர்த்தக சங்கங்கள் இதைக் கையிலெடுக்க வேண்டும். பதுளை, வெலிமடை, பண்டாரவளை வர்த்தக சங்கங்கள் வன அதிகாரிகளையும் தோட்ட நிர்வாகங்களையும் தொழிற்சங்கங்களையும் ஒரே மேசைக்கு அழைத்து, தோட்டத்து மரக் கணக்கைப் பகிரங்கப்படுத்தும்படி கேட்க வேண்டும். எந்தத் தோட்டத்தில் எத்தனை ஹெக்டயர் மரம், இந்த வருடம் எவ்வளவு வெட்டப்பட்டது, எவ்வளவு நடப்பட்டது என்ற மூன்று எண்களைப் பிரதேச செயலகத்தின் அறிவித்தல் பலகையில் போட்டாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

"இது தோட்டக் கம்பனிக்கும் அரசாங்கத்துக்கும் இடையிலான விடயம், எமக்கு என்ன?" என்று சிலர் கேட்கலாம். தோட்டத்து மக்கள்தான் எமது வாடிக்கையாளர்கள். சம்பளம் போட்ட மறுநாள் எமது கடைகளில் கூட்டம் சேருவது அவர்களால்தான். அவர்களுடைய மலை சரிந்தால், ஊற்று வற்றினால், உலை நின்றால், எமது கல்லாவும் நிற்கும். அந்த மலையிலிருந்து ஒரு புதிய சரக்கு விற்கப்படப் போகின்றது என்றால், அதில் லயத்துக்கும் கிராமத்துக்கும் நியாயமான பங்கு வரவேண்டும் என்று கேட்பது வியாபாரிக்கும் இலாபமே.

தராசுக்கு முத்திரை குத்தாமல் கடை நடத்த முடியாது. வருடா வருடம் அளவை அதிகாரி வருகின்றார், படியைச் சரிபார்க்கின்றார், நாமும் கட்டணம் கட்டி முத்திரை வாங்குகின்றோம். அரைக்கிலோ சீனிக்கு இருக்கின்ற இந்த ஒழுங்கு ஆயிரக்கணக்கான ஏக்கர் காட்டுக்கும் இருக்க வேண்டும். அது வரும் வரைக்கும் பெறுமதி தெரிந்த மரத்தை நடுங்கள். மலைச் சரிவில் சுதேச மரம், வேலியில் சவுக்கு, நிழலில் மிளகு. காபன் காசு வந்தாலும் வராவிட்டாலும், இன்ஷா அல்லாஹ், அந்த மரம் உங்கள் காணியில் நிற்கும்.